தையில் பொருத்திய ஜன்னல், ஆனியில் பூட்டவில்லை

வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் புதுவீட்டுப் பால்காய்ப்புகள் பெரும்பாலும் தை தொடங்கி வைகாசிக்குள் முடிந்துவிடும். ஆனியிலும் ஆடியிலும் குடிபோக யாரும் நாள் பார்ப்பதில்லை. அதனால் ஜன்னல் பொருத்தும் வேலையும் தை, மாசி, பங்குனி, சித்திரை என்று வறண்ட மாதங்களிலேயே நடக்கிறது. சுவர் சுடும், காற்று அசையாது, மரம் காய்ந்து கிடக்கும். அப்போது ஹேண்டிலைத் திருப்பினால் லாக் விழும். வீட்டுக்காரர் திருப்தியோடு மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுவார். ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் பருவமழை இறங்கி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலும் காற்றும் தென்காசிப் பக்கம் எட்டிப் பார்க்கிறபோதுதான் அந்த ஜன்னலுக்கு முதல் தேர்வு.

தேர்வில் தோற்ற ஜன்னல்களைப் பற்றி இந்த ஊர்களில் கேட்கிற உரையாடல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

"தம்பி, மேற்குப் பக்கத்து ஜன்னல் பூட்ட மாட்டேங்கு. ஹேண்டிலைத் திருப்புனா பாதியில நிக்கு."

"புதுசுல்லா அண்ணாச்சி, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும்."

சரியாகாது. புதுச் செருப்பு காலுக்குப் பழகும்; ஜன்னல் லாக் அப்படிப் பழகுகிற பொருள் இல்லை. பாதியில் நிற்கிற ஹேண்டிலைத் தினமும் பலங்கொடுத்துத் திருப்பினால், உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரப் பெட்டி ஒருநாள் உடையும். அதற்குப் பிறகு ஃபிட்டர் வந்து பார்த்துவிட்டு, "நீங்க முறுக்கி உடைச்சிட்டீங்களே அண்ணாச்சி" என்பார். பழி இடம் மாறிவிடும்.

தென்காசி மாவட்டத்தின் காற்றைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று புகுந்து வரும் இடைவெளிகளில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவை முக்கியமானவை. தமிழகத்தின் காற்றாலைகள் இந்தக் கணவாய்களுக்கு எதிரே குவிந்திருப்பது தற்செயல் இல்லை. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு கிழக்கே ஓடிவரும் வழியில்தான் வீரகேரளம்புதூர் இருக்கிறது. மலை இடுக்கில் நெரிபட்டு வேகமெடுத்த காற்றும் அதே திசையில்தான் வருகிறது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, சரியாகப் பூட்டாத ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொள்வது உறுதி.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக வந்து மோதினால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 6 கிலோ எடை சாய்ந்திருப்பது போன்ற அழுத்தம் விழும். வேகம் இருமடங்காகி 72 ஆனால் அழுத்தம் நான்கு மடங்காகும்: 24 கிலோ. நான்கடிக்கு நான்கடி ஜன்னல் சுமார் ஒன்றரைச் சதுர மீட்டர் என்பதால், அதன் மேல் 36 கிலோ. அதுவும் ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. விட்டு விட்டு வந்து குத்தும். மேற்குப் பக்கத்து ஜன்னலை உள்ளே தள்ளுகிற அதே காற்று வீட்டின் கிழக்குப் பக்கத்து ஜன்னலை வெளியே இழுக்கவும் செய்யும். அதனால் காற்று படாத பக்கத்து லாக்கும் சும்மா இருப்பதில்லை.

இந்த ஊர்களின் பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் எழவில்லை. வீரகேரளம்புதூர் ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர். அரண்மனையை விடுங்கள், சாதாரணப் பழைய வீட்டையே எடுத்துக்கொள்ளலாம்: கனத்த சுவர், சின்ன ஜன்னல், மர நிலை, நெட்டுக்குத்தாக இரும்புக் கம்பிகள், இரண்டு பலகைக் கதவுகள், ஒரு கொக்கி, ஒரு தாழ்ப்பாள். திருடனைக் கம்பி பார்த்துக்கொண்டது. காற்றைக் கொக்கி பார்த்துக்கொண்டது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே அரைவிரல் சந்து இருந்தாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. கொக்கியும் வளையமும் அந்த அளவு விட்டுக்கொடுக்கும். இன்றைய ஜன்னல் அப்படியில்லை. நான்கு பக்கமும் ரப்பர் ஓடுகிறது, கதவு அதன்மேல் அழுந்தி உட்கார வேண்டும், மூன்று மில்லிமீட்டர் தவறினால் லாக் தன் இடத்தைத் தொடாது. கையால் தட்டிச் சரிசெய்துகொண்ட காலத்துப் பொறுமையோடு நாம் இன்னும் மில்லிமீட்டர் ஜன்னலை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

லாக் புகாரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கும் அந்தக் கம்பிதான் காரணம். "உள்ள கிரில் இருக்கே, லாக் விழலைன்னா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. திருட்டு பயத்துக்கு அது போதுமான பதில்தான். சாரலுக்கும் தூசிக்கும் கொசுவுக்கும் அது பதில் இல்லை. குற்றாலம் பக்கத்து வீடுகளில் குரங்குக்கும் பதில் இல்லை. கம்பிச் சந்தில் கையை விட்டு மேசைமேல் இருக்கும் பழத்தை எடுக்கும் குரங்குக்கு, பூட்டாத ஸ்லைடிங் கதவைத் தள்ளுவது பெரிய வேலையா என்ன?

இப்போது லாக்குக்குள் போகலாம். யுபிவிசி என்ற பிளாஸ்டிக் ஜன்னலில் கீலில் திறக்கும் வகைக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். ஹேண்டிலிலிருந்து ஒரு சதுரத் தண்டு கதவுச் சட்டத்துக்குள் போகிறது. அங்கே உள்ள பற்சக்கரப் பெட்டியை அது திருப்புகிறது. பெட்டி, கதவின் ஓரம் நெடுக ஓடும் ஒரு தகட்டை மேலும் கீழும் நகர்த்துகிறது. தகட்டில் இரண்டோ மூன்றோ குமிழ்கள். கதவை மூடி ஹேண்டிலைத் திருப்பும்போது அந்தக் குமிழ்கள் நிலையில் திருகியிருக்கும் கொண்டிகளுக்குள் வழுக்கி நுழைந்து, கதவை உள்ளே இழுத்து ரப்பரோடு அழுத்திப் பிடிக்கின்றன. இவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. பத்து விநாடியில் முடியும். வீட்டுக்காரர் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தரத்திலேயே ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் இறுக்கமாக இருந்தால் லாக்கிலேயே கோளாறு: பற்சக்கரப் பெட்டி தரமில்லை, அல்லது உள்ளே மணல் புகுந்திருக்கிறது, அல்லது ஸ்க்ரூ ஒன்று தகட்டைக் கவ்விக்கொண்டிருக்கிறது. திறந்தபோது வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, மூடியபோது மட்டும் முரண்டுபிடிக்கிறது என்றால் லாக் நன்றாகத்தான் இருக்கிறது. கதவும் நிலையும்தான் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. புது ஜன்னல்களில் வரும் புகார்களில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். ஆனால் ஃபிட்டர்கள் மாற்றித் தர முன்வருவது லாக்கைத்தான். அது ஐந்து நிமிட வேலை. நிலையைச் சரிசெய்வது அரைநாள் வேலை. மாற்றிய லாக்கும் சில வாரங்களில் அதே இடத்தில் நிற்கும்.

தெரிகிற இடத்தில் குற்றவாளி இருக்க வேண்டியதில்லை என்பதைப் பெரிய கட்டடங்களும் கற்றுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 60 மாடி ஜான் ஹான்காக் கோபுரம் கட்டி முடிக்கப்படும் நேரத்தில், 1973 ஜனவரிப் புயலில் அதன் கண்ணாடிகள் பெயர்ந்து விழத் தொடங்கின. எல்லாரும் காற்றைக் குறை சொன்னார்கள், கட்டடம் ஆடுவதைக் குறை சொன்னார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, இரட்டைக் கண்ணாடிகளை ஓரத்தில் ஒட்டியிருந்த ஈயப் பற்று வளைந்துகொடுக்காமல் விறைத்து நின்றதுதான் விரிசலுக்குக் காரணம் என்று தெரிந்தது. கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

நம்மூர் ஜன்னலுக்கு வருவோம். கதவும் நிலையும் சந்திக்காமல் போவது எப்படி?

முதல் காரணம், நிலை கோணலாக உட்கார்ந்திருப்பது. கொத்தனார் விட்ட திறப்பு மூலைமட்டத்துக்கு இல்லை. ஃபிட்டர் அதற்குள் ஜன்னலைத் திணித்து, ஆப்பு வைக்க வேண்டிய இடத்தில் ஆப்பு வைக்காமல் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டார். சுவரை நோக்கிச் சட்டம் வில்லாக வளைந்துவிட்டது. சந்தை அடைக்க அடிக்கும் ஃபோம் அளவுக்கு மிஞ்சினால், அது உப்பி எதிர்ப்பக்கமாக வளைக்கும். இதைக் கண்டுபிடிக்க இஞ்சினியர் தேவையில்லை. டேப்பை எடுத்து நிலையின் இரண்டு குறுக்களவுகளையும் மூலைக்கு மூலை அளந்தால் போதும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஃபிட்டரை நிறுத்திக் கேட்கலாம். தூக்குக்குண்டும் ரசமட்டமும் இல்லாமல் ஜன்னல் பொருத்த வருகிறவரை வேலை தொடங்கும் முன்பே கேட்பது இன்னும் நல்லது.

இரண்டாவது காரணத்தைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கண்ணாடி கனமானது. பிளாஸ்டிக் சட்டம் அந்தக் கனத்தைத் தானாகத் தாங்காது. கண்ணாடியையே முட்டுக்கொடுக்கும் குறுக்குக் கட்டையாகப் பயன்படுத்தித்தான் கதவைச் சதுரமாக நிறுத்துகிறார்கள். கீல் இருக்கும் பக்கத்தின் கீழ்மூலையிலும், அதற்கு எதிர்க்கோணத்தில் மேல்மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகிக் கண்ணாடியை இறுக்குவது இதற்காகத்தான். அவசரத்தில் இந்தத் துண்டுகளை விட்டுவிட்டாலோ மூலை மாற்றி வைத்தாலோ, கதவின் ஹேண்டில் பக்கம் மெல்லத் தொங்கிவிடும். பொருத்திய அன்று தெரியாது. இரண்டு மாதம் கழித்துக் கதவின் கீழ்விளிம்பு நிலையில் உரசும், குமிழ் கொண்டிக்குக் கீழே போய் இடிக்கும். கண்ணாடிப் பட்டையைக் கழற்றித் துண்டுகளை ஒழுங்காக வைத்தால் லாக்கைத் தொடாமலேயே பூட்டு விழும்.

மூன்றாவது, வெயில். பிளாஸ்டிக் ஜன்னல் 1950களில் ஜெர்மனியில் உருவானது, குளிர்நாட்டுப் பிள்ளை. வெப்பம் ஏறினால் யுபிவிசி, அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு நீளும். ஒன்றரை மீட்டர் நீளச் சட்டம் 30 டிகிரி சூடேறினால் யுபிவிசி 3 மில்லிமீட்டர் வளரும், அலுமினியம் ஒரு மில்லிமீட்டர்தான். மேற்கு வெயில் நேராக விழும் சட்டம் அந்த அளவு சூடாவது சித்திரையில் சாதாரணம். மரநிறம், கறுப்பு என்று அடர்நிறச் சட்டம் வாங்கியவர்களுக்கு இன்னும் அதிகம். இதைக் கட்டுப்படுத்தத்தான் சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் செருகுகிறார்கள். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் காணாமல் போவதும் அதுதான், ஏனென்றால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. பொருத்தும் முன் ஒரு காந்தத்தைச் சட்டத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளே இரும்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். லாக்கும் கொண்டியும் திருகப்படுவது அந்த இரும்பைக் கவ்வித்தான். இரும்பில்லாத இடத்தில் வெறும் பிளாஸ்டிக்கைக் கவ்விய ஸ்க்ரூ, ஆடிக் காற்றின் குத்தலில் சீக்கிரமே தளர்ந்துவிடும்.

ஸ்க்ரூ என்றதும் சின்ன விஷயம் என்று தோன்றலாம். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில், 17,000 அடி உயரத்தில் விமானியின் முன்பக்கக் கண்ணாடி அப்படியே பெயர்ந்து பறந்தது. விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தைச் சவுதாம்ப்டனில் இறக்கினார். விமானி உட்பட எல்லாரும் பிழைத்தார்கள். விசாரணையில் தெரிந்தது இது: அந்தக் கண்ணாடி 27 மணி நேரத்துக்கு முன்புதான் புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84, தேவையான விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு சிறியவை. பட்டியலைப் பார்க்காமல், பழைய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள். வீட்டு ஜன்னலில் யாரும் வானத்தில் தொங்கப்போவதில்லை. ஆனாலும் டப்பாவில் கிடந்த ஏதோ ஸ்க்ரூவை எடுத்துக் கீலில் முறுக்குகிற ஃபிட்டரைப் பார்க்கும்போது அந்த விமானம் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

எவர்சில்வர் ஸ்க்ரூ என்று சொல்லித் தருவதிலும் தரம் உண்டு. 304 என்ற ரகம் ஈரத்தைத் தாங்கும். 202 அவ்வளவு தாங்காது, சாரலில் பழுப்புப் புள்ளி விடும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்லது என்று கடைக்காரர் செய்துகாட்டுவதை நம்ப வேண்டாம். இரண்டுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாது.

பூச்சுவேலைக்கு முன்பே ஜன்னலை மாட்டிவிடுவது இன்னொரு தொல்லை. சிமெண்ட் பால் கொண்டிக்குள் வழிந்து கல்லாகிவிடும். பட்டி பார்க்கிறவர் தேய்த்த மாவு லாக்கின் பள்ளத்தில் படியும். பெயின்டர் தன் பங்குக்கு ஒரு கோட்டு அடித்துவிட்டுப் போவார். வேலை முடியும்வரை லாக்கின்மேலும் கொண்டியின்மேலும் டேப் ஒட்டி வைத்தால் இதில் பாதி தீரும். சட்டத்தின்மேல் கம்பெனி ஒட்டி அனுப்பும் பாதுகாப்புத் தாளை மட்டும் வெயிலில் மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது, பசை இறுகி உரிக்க வராமல் போய்விடும்.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலின் கதை வேறு. அதில் கொக்கி போன்ற லாக் பக்கத்துச் சட்டத்தில் விழ வேண்டும். விழவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் கீழே ஓடும் பேரிங்தான் காரணம். ஒரு பக்கத்துப் பேரிங் தாழ்ந்து இன்னொன்று உயர்ந்திருந்தால் கதவு சாய்ந்து ஓடும். மூடும்போது மேலே ஒட்டிக் கீழே சந்து விடும், அல்லது நேர்மாறாக. கதவின் அடி ஓரத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் ஸ்க்ரூட்ரைவரை விட்டுத் திருப்பினால் பேரிங் ஏறி இறங்கும். நல்ல ஜன்னலாக இருந்தால் இந்த வசதி இருக்கும். மூடிய கதவை இரு கையாலும் மேலே தூக்கிப் பார்ப்பதும் நல்லது. தடத்தை விட்டுக் கழன்று கையோடு வருகிறது என்றால், லாக் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. மேல்சட்டத்தில் ஒரு தடுப்புக் கட்டை வைக்கச் சொல்ல வேண்டும். தடத்தின் வெளிப்பக்கம் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சில இடங்களில் பூச்சுக்காரர் அவற்றை அடைத்துவிடுகிறார். சாரல் தண்ணீர் தடத்தில் தேங்கி, உள்பக்கம் வழிந்து, "லாக் சரியில்லை, தண்ணி வருது" என்ற புகாராக மாறுகிறது.

மரத்துக்கு வந்தால் செங்கோட்டையின் மரக்கடைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கத்து வீடுகளுக்கு மரம் எடுக்க இன்றும் பலர் அங்கேதான் போகிறார்கள். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது; அகலவாக்கில் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். நன்றாகப் பதப்பட்ட தேக்கு குறைவாக அசையும், பச்சையாக அறுத்துச் செய்த நாட்டுமரம் அதிகம் அசையும். பங்குனியில் கச்சிதமாக விழுந்த தாழ்ப்பாள் ஆடியில் துளையைத் தொடாமல் நிற்பது இதனால்தான். அப்போது ஆசாரியைக் கூப்பிட்டால் இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவிவிடுவார். ஜன்னல் மூடும். ஆனால் மழையில் இழைத்த கதவு அடுத்த பங்குனியில் விரல் நுழையும் சந்தைக் காட்டும். அனுபவமுள்ள ஆசாரிகள் முதலில் தாழ்ப்பாளின் துளையைக் கொஞ்சம் நீள்வட்டமாக்கிப் பார்ப்பார்கள், கதவின் ஓரங்களிலும் மேல்கீழ் வெட்டுமுனைகளிலும் பாலிஷோ பெயின்டோ அடிக்கச் சொல்வார்கள். ஈரம் அதிகம் ஏறுவது யாரும் பூசாமல் விடும் அந்த வெட்டுமுனைகள் வழியாகத்தான்.

யுபிவிசியிலும் அலுமினியத்திலும் துளையைப் பெரிதாக்குகிற வேலை கூடாது. ஆனால் அதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. லாக் விழவில்லை என்றால் அரத்தை எடுத்துக் கொண்டியை ராவிவிடுகிறார்கள். ஹேண்டில் திரும்பிவிடும், வீட்டுக்காரர் மகிழ்வார். ஆனால் குமிழ் இப்போது எதையும் பிடித்து இழுப்பதில்லை. காற்று வரும்போது கதவு தன் இடத்திலேயே கடகடவென்று ஆடும். ராவிய கொண்டியைத் திரும்பச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

முறையான வழி இதைவிட எளிது. குமிழின் தலையில் கொஞ்சம் சாக்பீஸ் பொடியோ குழைத்த குங்குமமோ தடவிக் கதவை மூடி, ஹேண்டிலைத் திருப்ப முயன்றுவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். கறை எங்கே ஒட்டியிருக்கிறது என்பதில் விடை இருக்கிறது. கொண்டியின் கீழ் உதட்டில் ஒட்டியிருந்தால் கதவு தொங்கியிருக்கிறது. முன்முகத்தில் ஒட்டியிருந்தால் கதவு போதிய அளவு உள்ளே வரவில்லை. நல்ல ஹார்ட்வேரில் குமிழின் அச்சு நடுவில் இருக்காது, சற்று விலகியிருக்கும். ஆலன் கீ கொண்டு அதைச் சுழற்றினால் கதவு கூடுதலாகவோ குறைவாகவோ இறுகும். பிறகு நோட்டுத்தாள் ஒன்றை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்துப் பூட்டி, இழுத்துப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் ஒரே அளவு பிடிமானம் இருந்தால் வேலை முடிந்தது. ஒரு மூலையில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் சாரலும் அந்த மூலையில்தான் வரும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுவது. சில மாதத்தில் அது பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தையல் மிஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு, அல்லது சிலிக்கான் ஸ்ப்ரே, சாரலுக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் விட்டால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை, ஃபிட்டர் போனை எடுக்கவில்லை என்றால்? இங்கேதான் மீதிப் பணத்தின் அருமை தெரியும். அரசுக் கட்டுமானங்களில் ஒப்பந்தக்காரரின் பில்லில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, குறை தெரியும் காலம் கழிந்த பிறகு விடுவிப்பது நீண்ட கால வழக்கம். தனி வீட்டுக்காரர் அதைச் செய்யக் கூச்சப்படுகிறார். ஆர்டர் கொடுக்கும்போதே, பத்தில் ஒரு பங்கு ஆனிச் சாரலுக்குப் பிறகுதான் என்று எழுதிக்கொண்டால் கூச்சத்துக்கு இடமில்லை. எழுதாமல் கடைசியில் நிறுத்திவைத்தால்தான் அது சண்டையாகிறது.

அடுத்தது பில். "பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம் அண்ணாச்சி" என்ற பேச்சுக்கு மயங்கியவர்களுக்குப் பிறகு நிரூபிக்கக் கையில் எதுவும் இருக்காது. கேட்டும் பில் தராமல் இருப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. பில்லோடு வாரண்டி அட்டையையும் படிக்க வேண்டும். பொதுவாகச் சட்டத்துக்கு நீண்ட ஆண்டுகள் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், லாக்குக்கும் கீலுக்கும் மிகக் குறைந்த காலமே இருக்கும். பொருத்தும் வேலைக்கு வாரண்டி யார் என்பது பெரும்பாலும் எதிலும் இருக்காது. கம்பெனி, பட்டறை, ஃபிட்டர் என்று மூன்று பேர் சம்பந்தப்பட்ட பொருளில், பட்டறைக்காரர்தான் மொத்தத்துக்கும் பொறுப்பு என்று ஒரு வரி எழுதி வாங்குவது பின்னால் பல மாத அலைச்சலைக் குறைக்கும்.

புகாரை எழுத்தில் அனுப்ப வேண்டும். ஹேண்டில் நிற்பதை வீடியோ எடுத்து, தேதியோடு வாட்ஸப்பில் அனுப்பலாம். பதில் இல்லையென்றால் விரைவு அஞ்சலில் கடிதம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் அங்கே போகும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, ஆகவே ஜன்னல் வழக்குகள் பலவும் இலவசம். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1986ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது நுகர்வோர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். கோயம்புத்தூரிலிருந்து ஜன்னல் வரவழைத்த வீரகேரளம்புதூர்க்காரர் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பது முக்கியம். "அடுத்த வாரம் வாறேன் அண்ணாச்சி" என்ற வாக்குறுதிகளை நம்பியே இந்த இரண்டு ஆண்டு கரைந்துவிடுவதும் உண்டு.

வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் சேவைதான் என்பதை உச்ச நீதிமன்றம் 1993 நவம்பரில், லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கும் எம்.கே. குப்தாவுக்கும் இடையிலான வழக்கில் தெளிவாக்கிவிட்டது. ஆகவே வீட்டை மொத்தமாக ஒப்பந்தத்துக்கு விட்டவர்கள் ஜன்னலுக்கும் அந்த ஒப்பந்தக்காரரையே கேட்கலாம். அடுக்ககத்திலோ கட்டி விற்கும் மனைத்திட்டத்திலோ வாங்கியவர்களுக்கு 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் இன்னொரு வழி தருகிறது: வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் வேலைத்தரக் குறை எதையும் சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். தன் நிலத்தில் தானே கொத்தனார் வைத்துக் கட்டியவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

சாவி போட்டுப் பூட்டும் ஹேண்டில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடியில் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவை நல்லவை. ஜன்னல் வழியே குழந்தைகள் விழுவதைத் தடுக்க நியூயார்க் நகரம் 1976லேயே, 10 வயது வரையிலான குழந்தைகள் இருக்கும் அடுக்கக வீடுகளில் ஜன்னல் தடுப்பு கட்டாயம் என்று சட்டம் போட்டது. நம்மூரில் கிரில் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் எல்லா ஜன்னலிலும் திறக்க முடியாத கிரில், எல்லா ஹேண்டிலிலும் சாவி, சாவி எங்கோ பீரோவில் என்றால், தீப்பிடித்த இரவில் அந்த அறையிலிருந்து வெளியேற வழி இருக்காது. ஒரு படுக்கையறைக்கு ஒரு கிரிலாவது கீல் வைத்துத் திறப்பதாக இருக்கட்டும், அதன் சாவி பெரியவர் கைக்கு எட்டுகிற ஆணியிலேயே தொங்கட்டும்.

ஃபிட்டர் ஏணியை மடக்கும் முன் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. கதவைத் திறந்து வைத்து, லாக் தகட்டின்மேல் அச்சடித்திருக்கும் பெயரையும் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டு கழித்துப் பற்சக்கரப் பெட்டி மட்டும் மாற்ற வேண்டி வந்தால், ஜன்னலின் அளவையோ நிறத்தையோ சொல்லிக் கேட்டால் கடைக்காரரால் எடுத்துத் தர முடியாது. தகட்டு முகப்பிலிருந்து சதுரத் துளையின் நடுவரை எத்தனை மில்லிமீட்டர், இரண்டு ஸ்க்ரூத் துளைகளுக்கு இடையே எவ்வளவு, தண்டின் நீளம் என்ன என்ற மூன்றையும்தான் கேட்பார். அளக்கத் தெரியவில்லை என்றால் பழைய பெட்டியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. ஜன்னலை அதுவரை ஒரு கயிற்றால் கிரிலோடு கட்டி வைக்கலாம்.